நூறு நாள் பூட்டு

பூட்டு ஓர் அரிசியைவிடச் சிறியது. இடது காதின் பின்புறம் தோலைக் கீறி உள்ளே வைத்தார்கள். வலிக்கவில்லை.

"அவ்வளவுதான் தம்பி. எந்திரிச்சு உக்காருங்க," என்றார் திலகவதி மேடம். அந்த நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்குச் சென்னையில் பூட்டு வைப்பவர் அவர்தான்.

பரணிதரன் எழுந்து உட்கார்ந்தான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அப்பாவும் அக்கா தங்கக்கனியும் இருந்தார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து இரவு முழுக்கப் பயணம் செய்து வந்த முகங்கள்.

"இப்பவும் எல்லாம் கேக்குதேக்கா," என்றான்.

"இப்பத் திறந்திருக்கு. ரெண்டு வாரத்துக்கு உங்க வீட்டுச் சத்தத்தையெல்லாம் கேட்டு வச்சுக்கும். அங்க போய் இறங்கினதும் பூட்டிக்கும்," என்றார் மேடம். "நூறு நாள். அந்த ஊர் மொழி மட்டும்தான் காதுல விழும். தமிழ், இங்கிலீஷ், எதுவும் கேக்காது."

"இவன் பேசுறது எங்களுக்கு?" என்றாள் அக்கா.

"போன்ல நல்லாக் கேக்கும். அவருக்குத்தான் கேக்காது. நீங்க பேசுறதும் கேக்காது, அவர் தமிழ்ல பேசுற அவர் குரலும் கேக்காது."

"அப்ப நான் என்ன திட்டினாலும் இவனுக்குத் தெரியாது."

"தெரியாது."

"டேய், நூறு நாளும் எனக்கு யோகம்டா."

மேடம் சிரித்தார். பரணி சிரிக்கவில்லை. "மெசேஜ் அனுப்பினா?"

"அவங்க மொழியில மாத்தித்தான் காட்டும். வீடியோ கிடையாது. உதட்ட வச்சுக் கண்டுபிடிச்சுருவீங்க."

"எதுக்கு மேடம் இப்படி?"

"அவங்க மொழி பேசுறவங்க மொத்தமே கொஞ்சம் பேரு. வர்றவன் எல்லாம் இங்கிலீஷ்லயே காலத்த ஓட்டிட்டுப் போயிட்டான். அதான் சட்டம் போட்டுட்டாங்க. பட்டினி போட்டா எதக் குடுத்தாலும் திங்கிறோம்ல? அந்த மாதிரி. நூறு நாள்ல பசங்க அருமையாப் பேசுறாங்க."

"நடுவுல எடுக்கலாமா?"

"எடுக்கலாம். எடுத்த மறுநாள் உங்களுக்கு ஃபிளைட். திரும்ப விசா கிடையாது."

மேடம் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "பயப்படாதீங்க. பேச்சை மட்டும்தான் வெட்டும். இருமல், தும்மல், சிரிப்பு, அழுகை எல்லாம் அப்படியே வரும். பேச்சை வெட்டின இடமும் காலியா இருக்காது. முதல்ல அப்படித்தான் விட்டாங்க. பசங்களுக்குக் கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருந்துச்சாம். இப்ப அந்தந்த இடத்துச் சத்தத்த வச்சே ஒட்டுப் போட்டுருது. ஃபேன் சத்தம், காக்கா சத்தம். ஒட்டுப் போட்டதே தெரியாது."

"உம் கொட்டுறது?" என்றாள் அக்கா. "எங்கப்பாவுக்கு அது ஒண்ணுதான் பாஷை."

மேடம் யோசித்தார். "அது அவங்க கணக்குல பேச்சே இல்லம்மா. அங்க யாரும் உம் கொட்ட மாட்டாங்க. சத்தம்னுதான் வச்சிருக்கும். வந்துரும்."

அப்பா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ம்," என்றார்.

*

அப்பா சங்கரலிங்கம் அரசுப் பேருந்து ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் பரணி இன்ஜின் பெட்டிமேல் சாக்கை விரித்து உட்கார்ந்து அவருடன் மதுரைவரை போய் வருவான். வழி முழுக்க ஏதாவது சொல்வான். அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் உம் கொட்டுவார். பொய் சொன்னால் மட்டும் கொட்டமாட்டார். எப்படித் தெரிந்துகொள்வார் என்பது அவனுக்கு விளங்கியதே இல்லை. உம் வராது. அவ்வளவுதான். அவன் திரும்பிப் போய் உண்மையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படிப்பு அந்த நாட்டில்தான் இருந்தது. அப்பா கேட்டது ஒரே கேள்வி. "உனக்கு வேணுமா?" வேண்டும் என்றான். உம் வந்தது.

விமானம் தரையைத் தொட்டபோது பணிப்பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. அந்த இடத்தில் இன்ஜின் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒட்டுப் போட்டதே தெரியவில்லை.

விடுதிக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பார்த்தான். தண்ணீர் சொட்டியது. கத்திப் பார்த்தான். தொண்டை எரிந்தது. தண்ணீர் சொட்டியது.

அறைத் தோழன் தெஸ்ஃபா எத்தியோப்பியாக்காரன். அவன் காதின் பின்புறமும் அதே தழும்பு. இருவருக்கும் பொதுவாக நான்கு சொற்கள் இருந்தன. ரொட்டி, கதவு, குளிர், நன்றி. "கதவு, நன்றி" என்றால் சாத்து. "ரொட்டி, குளிர்" என்றால் இன்றைக்கும் அதே சாப்பாடு. இரண்டாம் நாள் தெஸ்ஃபா கட்டிலில் குப்புறப் படுத்து "கதவு, கதவு, கதவு" என்றான். அது பரணிக்கு நன்றாகப் புரிந்தது.

மொழி வகுப்பு எடுத்த ஊல்மா பொறுமைசாலி. படத்தைக் காட்டிச் சொல்வாள். இது என் தந்தை. தந்தை நலம். தாய் நலம். நீ படி. ரொட்டியை வெட்டிக் காட்டி, வெட்டு. கோப்பையில் தண்ணீர் ஊற்றி, நிரப்பு. நேற்று. இன்று.

அவள் சொல்லும்போது பரணி தன்னையறியாமல் உம் கொட்டினான். அவள் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். தொடர்ந்தாள். அவன் மறுபடி கொட்டினான். அவள் விரலை உதட்டில் வைத்தாள். அந்த ஊரில் கேட்பவர்கள் கல்லைப் போல் கேட்டார்கள். கடைக்காரர், காவலாளி, மருத்துவர், எல்லோரும். அவன் தட்டுத் தடுமாறிப் பேசும்போது யாரும் ஒரு முனகல்கூடத் தரவில்லை. முகங்கள் அசையாமல் காத்திருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தரை இல்லாத இடத்தில் கால் வைப்பது போல் இருந்தது.

மதிய இடைவேளையில் வீட்டுக்கு ஐந்து நிமிடம் பேசலாம். அங்கே அப்போது மாலை. அப்பா எண்ணுக்குத்தான் அழைப்பான். முதலில் அம்மா எடுப்பாள். வளையல் சத்தம் கேட்கும். பிறகு மின்விசிறியும் காகமும். அம்மா பேசுகிறாள் என்று அர்த்தம். போன் கை மாறும். பிறகு அவன் பேசுவான். காதில் விழாத தன் குரலில்.

மூன்றாம் நாள் சொன்னான். "நல்லா இருக்கேன்ப்பா. எல்லாம் பழகிருச்சு."

ஒன்றும் வரவில்லை. மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றுவது போல் இருந்தது. அப்பா காத்திருந்தார்.

"முடியலப்பா," என்றான். "பைத்தியம் பிடிச்சுரும் போல இருக்கு."

"ம்."

அந்த ஒரு எழுத்தைக் காதில் வைத்துக்கொண்டு மறுநாள்வரை ஓட்டினான்.

*

ஆறாம் நாள் அழைத்தபோது போன் எடுக்கப்பட்டது. வளையல் சத்தம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுக்கும் சத்தம். நிறையக் கால்கள். பிறகு சங்கு. அதை ஒட்டிச் சேகண்டி.

பரணி சுவரில் கை வைத்தான்.

பெண்கள் அழுதார்கள். அழுகை வந்தது, நின்றது, வந்தது. நின்ற இடங்களில் காகம் கத்தியது. அழுகையில் சொற்கள் இருந்த இடங்கள் அவை. பெயரும் முறையும் சொல்லி அழுத இடங்கள். பூட்டு அவற்றை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தது.

"யாரு? யாருக்கு என்னாச்சு?" என்று கத்தினான். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்ததை வைத்துத்தான் கத்தியது தெரிந்தது.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. போனில் அவசரத்துக்கு இருந்த பொத்தானை அழுத்தினான். மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை. இடைவேளை முடிந்து வகுப்பு ஆரம்பித்தது. அவன் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு மணி நேரம் கழித்து அக்காவின் செய்தி வந்தது. அந்த நாட்டு எழுத்துகளில் மூன்று சிறு வாக்கியங்கள். எழுத்துக் கூட்டினான். மூன்றும் வகுப்பில் படித்தவையே.

தந்தை நலம். தாய் நலம். நீ படி.

அனுப்பியவள் அக்கா. ஆகவே அக்காவும் இருக்கிறாள். அப்படியானால் யார்? பக்கத்து வீடாக இருக்கலாம். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். அங்கே சங்கு ஊதினால் இங்கே போனில் கேட்கும். ஆனால் பக்கத்து வீட்டுச் சாவுக்கு ஏன் இவர்கள் போனை எடுத்துவிட்டு வைத்தார்கள்?

அவனுக்குத் தன் வீட்டாரைத் தெரியும். அத்தை பையன் துபாயில் இருந்தபோது அவனுடைய அம்மா இறந்ததை மூன்று மாதம் சொல்லாமல் வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமாகட்டும் என்றார்கள். போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அந்தப் பொய்யைப் பரணியும் சொல்லியிருக்கிறான்.

அன்று அவன் சாப்பிடவில்லை. தெஸ்ஃபா தட்டைக் கொண்டுவந்து வைத்தான். "ரொட்டி," என்றான். பரணி போனைக் காட்டினான். சங்கு ஊதுவது போல் கையை வாயில் வைத்துக் காட்டினான். தெஸ்ஃபா எக்காளம் என்று நினைத்தானோ கல்யாணம் என்று நினைத்தானோ, சிரித்தான். பரணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்தான். "குளிர்," என்றான். தன் போர்வையை எடுத்து அவன்மேல் போட்டான்.

ஏழாம் நாள் மதியம் போன் எடுக்கப்பட்டது.

"அப்பா," என்றான் பரணி. "நீங்களாப்பா?"

மின்விசிறி. பிறகு,

"ம்."

தரையில் உட்கார்ந்தான். வெகுநேரம் அழுதான். தன் அழுகை தனக்குக் கேட்டது. அது பேச்சு இல்லை.

"பயந்துட்டேன்ப்பா. நீங்கதான்னு நெனச்சுட்டேன்."

"ம்."

*

அதன்பின் நாட்கள் நகர்ந்தன. தினமும் அப்பாவே போனை எடுத்தார். வளையல் சத்தம் இல்லாததால் அது தெரிந்தது. பரணி ஒன்றுவிடாமல் சொன்னான். கடற்கரையில் மிதவையைக் கட்டக் கற்றது. கயிறு கையை அறுத்தது. ஊல்மா அவன் உச்சரிப்பைப் பாராட்டியது. பழைய நாட்களைவிட இப்போது உம் அதிகமாக வந்தது. பேச்சின் நடுவிலேகூட வந்தது. அப்பாவுக்கு என்மேல் இரக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் தேறினான். இருபதாம் நாள் தேர்வில் வகுப்பில் இரண்டாவது.

இருபத்து மூன்றாம் நாள் ஐந்து நிமிடம் முடியப்போனது. களைப்பாக இருந்தது. வைக்கும் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"நல்லா இருக்கேன்ப்பா. எனக்கு ஒரு குறையும் இல்ல."

"ம்."

போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். படிக்கட்டுவரை போனான். முதல் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றான்.

நாளுக்கு ஓர் அழைப்புதான் அனுமதி. அவசரத்துக்கு அந்தப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தி மறுபடி அழைத்தான். எடுக்கப்பட்டது.

"அப்பா, இங்க ரோட்டுல யானை நடக்குது."

"ம்."

"நேத்து நான் பறந்தேன்ப்பா. இந்தக் கட்டடத்துக்கு மேல."

"ம்."

"நீங்க எனக்குக் கடிதம் போட்டீங்க. வந்துச்சு."

"ம்."

உம் முடிந்ததும் காகம் இரண்டு முறை கத்தியது. ஒரு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம். முந்தைய உம்முக்குப் பின்னாலும் காகம் இரண்டு முறை. டம்ளர். அதற்கு முந்தையதிலும்.

*

பூட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ரெய்க்கின் அறை தரைத்தளத்தில் இருந்தது. செம்பட்டைத் தாடிக்காரர். பரணி மேசைமேல் போனை வைத்தான். தனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கினான்.

"இது என் தந்தை?"

ரெய்க் புரியாமல் பார்த்தார். பரணி தன் காதின் பின்புறத்தைக் காட்டினான். "இது தந்தை? இன்று தந்தை?"

ரெய்க் ஒரு கருவியை அவன் காதருகே பிடித்தார். திரையில் கோடுகள் ஓடின. சாம்பல் நிறக் கோட்டின் நடுவே சிறு பச்சை மேடுகள். எல்லாம் ஒரே உயரம், ஒரே சரிவு, அச்சில் வார்த்தது போல. ரெய்க் ஒரு மேட்டைத் தொட்டார். அறையில் அப்பா உம் கொட்டினார். காகம் இரண்டு முறை கத்தியது. டம்ளர்.

ரெய்க் பேச ஆரம்பித்து நிறுத்தினார். எந்தச் சொற்கள் இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கும் என்று தேடுவது முகத்தில் தெரிந்தது.

"இங்கே பேச்சு," என்றார் மெதுவாக, பச்சை மேட்டின் அடியில் விரல் வைத்து. "நான் வெட்டு. நான் நிரப்பு."

ரொட்டியும் கோப்பையும் பரணியின் கண்முன் வந்தன.

"தந்தை," என்றான்.

"தந்தை," என்று ரெய்க் ஒப்புக்கொண்டார். "நேற்று தந்தை."

அவர் வேறு எதையும் சொல்லவில்லை. அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு இயந்திரத்தின் வேலையைத்தான் அவர் விளக்கினார்.

பரணி திரையைப் பார்த்தான். பச்சை மேடுகள் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. ஏழாம் நாளிலிருந்து இன்றுவரை. "பேச்சு யார்?"

ரெய்க் ஏதோ ஒரு எண்ணைப் பார்த்தார். "பெண். வயது, ஐம்பது."

அம்மா.

பரணி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தினமும் போனை எடுத்தவள் அம்மா. வளையல் இல்லாத கையோடு எடுத்திருக்கிறாள். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் பூட்டு அவளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் அப்பாவை வைத்திருக்கிறது. அது அப்பாவின் எண். முதல் நாட்களில் அந்த எண்ணில் கேட்டு வைத்த சத்தங்களில் அதிகம் இருந்தது உம்தான்.

செய்தியில் எழுதினால் அவனுக்குப் புரிந்துவிடும் என்பதால் எழுதவில்லை. போனில் சொன்னால் கேட்காது. அதனால் போனில் சொல்லியிருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். எப்படிப் போனார், எங்கே விழுந்தார், யார் கொள்ளி வைத்தது. பதினாறும் முடிந்திருக்கும். அவளுக்கு எதிரே அவன் மிதவையைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டு.

ரெய்க் ஒரு தாளை எடுத்து வைத்தார். பேனாவையும் வைத்தார். தன் காதின் பின்புறத்தில் விரலால் கீறிக் காட்டினார். பிறகு கையை விமானம் போல் மேலே கொண்டுபோனார். முடிவு உன்னுடையது என்பதுபோல் உள்ளங்கையை விரித்தார்.

பரணி பேனாவை எடுத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்தான். போய்ச் சேரும்போது வீட்டில் ஒரு படம் மாலையோடு இருக்கும். அம்மாவும் அக்காவும் பதினேழு நாளாகக் காத்த பொய் அவன் காலடியில் கிடக்கும். போகாவிட்டால் இன்னும் எழுபத்தேழு நாள் அப்பா உம் கொட்டிக்கொண்டிருப்பார்.

"ஐந்து நிமிடம்," என்றான்.

ரெய்க் தலையசைத்தார். பரணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

எடுக்கப்பட்டது. வளையல் இல்லை.

இந்த முறை அவன் ஒன்றும் பேசவில்லை.

மின்விசிறி. வெகுநேரம் மின்விசிறி மட்டும். பிறகு அப்பா "ம்" என்றார். காகம். டம்ளர். மறுபடி அப்பா. மறுபடி காகம். பரணி கண்ணை மூடிக்கொண்டு அதற்கு அடியில் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அங்கே ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குக் கேட்காது என்ற தைரியத்தில்.

அவள் மூச்சு வாங்குவது கேட்டது. மூச்சு பேச்சு இல்லை.

அந்த இடைவெளியில் பரணி, "ம்," என்றான்.

அது கேட்டது. பூட்டு அதை வெட்டவில்லை. இத்தனை நாளில் வீட்டோடு பேசும்போது, அழுகை தவிர, அவன் தன் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா குரல் மாதிரியே இருந்தது.

அந்தப் பக்கம் எல்லாம் நின்றது.

பிறகு அழுகை வந்தது. நடுவில் ஒரு காகமும் இல்லாமல், வெட்டுப்படாமல், முழுதாக வந்தது.

ரெய்க் தன் ஊர்க்காரர்களைப் போலக் கல்லாக உட்கார்ந்திருந்தார். பரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, மறுபடி உம் கொட்டினான்.